நன்றாகத் தெரியும் கண்ணுக்கு லேசர்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் ரயில் பாதையில் வரும் சின்ன ஸ்டேஷன் எரியோடு. வேடசந்தூர் வட்டம். மழையை நம்பிய மேட்டு நிலம், ஆழ்துளைக் கிணறுகள், முருங்கை, சோளம், நாலா பக்கமும் நூற்பாலைகள். இந்தப் பக்கத்து ஊர்களில் கண் ஆஸ்பத்திரி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது புரை ஆபரேஷன்தான். பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவார்கள். டார்ச் அடித்துப் பார்த்து ஆள் பொறுக்குவார்கள். பஸ் வந்து அழைத்துப் போகும். பேரன் முகம் மங்கிப்போயிருந்த பாட்டி மறுநாள் கட்டவிழ்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லுவார். இரண்டு தலைமுறையாக இதைப் பார்த்துப் பழகியதில் இரண்டு விஷயங்கள் ஊரார் மனத்தில் ஊறிவிட்டன. கண் தெரியாதவர்தான் கண் டாக்டரிடம் போக வேண்டும். போய் வந்தால் முன்பைவிட நன்றாகத் தெரிய வேண்டும்.

சர்க்கரை நோயால் கெடும் விழித்திரைக்குச் செய்யும் லேசர் சிகிச்சை இந்த இரண்டையும் தலைகீழாக்குகிறது. நன்றாகத் தெரியும்போதே போகச் சொல்கிறார்கள். போய் வந்தபின் பார்வை ஒரு துளியும் ஏறுவதில்லை. சிலருக்குக் கொஞ்சம் இறங்கவும் செய்கிறது. நூற்பாலையில் முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்த ஒருவரை வைத்துக்கொள்வோம். பத்து வருஷமாக சுகர். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், “அண்ணே, கண்ணை ஒருக்கா காமிச்சுட்டு வந்துருங்க” என்கிறார். “அறுந்த நூலை இன்னமும் கண்ணாடி போடாம முடிஞ்சு காட்டுறேன். எனக்கு எதுக்கும்மா கண்ணு ஆஸ்பத்திரி?” அவர் கேள்வியில் தப்பே இல்லை. புரையை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. நோய்தான் வேறு.

2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். பட்டணத்து நோய், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் நோய் என்ற பேச்செல்லாம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. சர்க்கரை உள்ளவர்களில் விழித்திரை கெட்டவர்கள் எத்தனை பேர்? பக்கத்துத் தேனி மாவட்டத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததில் சுமார் 12 சதவீதம் என்று வந்தது. 2022இல் பத்து மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் எடுத்த கணக்கில் 12.5. எட்டுப் பேரில் ஒருவர். பார்வையையே பறிக்கும் நிலைக்குப் போனவர்கள் 4 சதவீதம். சதவீதம் சின்னதுதான். ஆனால் 10 கோடியில் 4 சதவீதம் என்றால் 40 லட்சம் பேர்.

அந்த ஃபிட்டரின் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விழித்திரை அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத சவ்வு. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்ஸிஜன் குடிக்கும் திசுக்களில் ஒன்று. இரண்டு வழியாக அதற்கு ரத்தம் வருகிறது. வெளிப்பக்கம் ஒளியை வாங்கும் செல்களுக்குப் பின்னாலிருக்கும் கோராய்டு என்ற ரத்தப் படலம் ஊட்டுகிறது. உள்பக்கம் நரம்புச் செல்களுக்கு விழித்திரையின் சொந்த ரத்தக் குழாய்கள். இந்தக் குழாய்களின் கடைசிக் கிளைகள் ஒரு சிவப்பணு நெளிந்து நுழையும் அளவே உள்ளவை. சர்க்கரையின் அடி முதலில் இங்கேதான் விழுகிறது.

குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் பெரிசைட் என்ற செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. பிடி தளர்ந்த இடத்தில் குழாய் குமிழ் விடுகிறது; டாக்டர் பார்க்கும்போது சிவப்புப் புள்ளியாகத் தெரிவது அதுதான். குமிழ் கசிகிறது. கசிந்த கொழுப்பு மஞ்சள் மஞ்சளாகப் படிகிறது. கசிவு நட்ட நடுவே, எழுத்துப் படிக்கும் இடமான மாக்குலாவில் வந்தால் பார்வை மங்கும். ஓரத்தில் வந்தால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. பிறகு குழாய்கள் அடைபடத் தொடங்கும். அடைபட்ட பகுதி ஆக்ஸிஜன் கேட்டு ஒரு ரசாயனத்தை விடுகிறது. ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் 1948லேயே இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அதன் பெயர் விஇஜிஎஃப் என்பதும், சர்க்கரை நோயாளிகளின் கண்ணுக்குள் அது மண்டிக் கிடக்கிறது என்பதும் உறுதியாக 1994 ஆனது. அந்த ரசாயனத்தின் வேலை புதிய ரத்தக் குழாய்களை வளர்ப்பது. வளரத்தான் செய்கின்றன. ஆனால் பசித்த இடத்துக்குள் போகாமல் விழித்திரையின் மேலேறி, கண்ணின் நடுவிலிருக்கும் கூழ்மத்தில் படர்கின்றன. சுவர் மெலிந்த குழாய்கள். ஒரு நாள் காலையில் எழுந்து முகம் கழுவும்போது அதில் ஒன்று அறுந்துபோகும். “கண்ணுக்கு முன்னால கறுப்பா புகை சுத்துது” என்பார்கள். அதுவரை, அந்த நாளுக்கு முந்தின ராத்திரிவரை, அவருக்குப் பார்வை நன்றாகவே இருந்திருக்கும்.

இதை நிறுத்த மனிதர்கள் செய்து பார்த்த வைத்தியங்களில் ஒன்று கேட்டாலே கிலி பிடிக்கும். 1953இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் போல்சன் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பிரசவத்தில் ஏற்பட்ட உதிரப்போக்கில் அவருடைய பிட்யூட்டரி சுரப்பி செத்துவிட்டது. அதன்பின் அவருடைய விழித்திரை நோய் தானாக வாடிப்போனது. விளைவு, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு உலகின் பெரிய ஆஸ்பத்திரிகளில் கண்ணைக் காப்பாற்றுவதற்காக மண்டைக்குள் போய்ப் பிட்யூட்டரியை எடுத்தார்கள், அல்லது அழித்தார்கள். சிலருக்குக் கண் பிழைத்தது. ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரையில் ஓட்ட வேண்டியிருந்தது. லேசரைக் குறை சொல்லுமுன் அது எதன் இடத்துக்கு வந்தது என்பதையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஒளியால் சுடும் யோசனை ஒரு கிரகணத்தில் பிறந்தது. 1945 ஜூலை 9. ஜெர்மனியில் வெறுங்கண்ணால் சூரிய கிரகணம் பார்த்த ஒரு மாணவரின் விழித்திரை நடுவில் தீக்காயம். அந்தத் தழும்பைப் பார்த்த இளம் டாக்டர் கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத்துக்கு, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு இப்படிச் சுட்டால் என்ன என்று தோன்றியது. ஹாம்பர்க் ஆஸ்பத்திரியின் மாடியில் கண்ணாடிகளை வைத்து வெயிலை நோயாளியின் கண்ணுக்குள் இறக்கினார். ஹாம்பர்க்கில் வெயிலுக்கு எங்கே போவது? மேகம் வந்தால் வைத்தியம் நின்றது. (எங்கள் பக்கம் பிறந்திருந்தால் அந்தக் கவலை இருந்திருக்காது.) பிறகு கார்பன் ஆர்க் விளக்கு, அதன்பின் 1950களில் ஸைஸ் கம்பெனி செய்த ஸெனான் விளக்கு. 1960இல் தியோடர் மைமான் ரூபி லேசரை ஒளிரச் செய்தார். ஒன்றிரண்டு வருஷத்துக்குள் அது கண்ணுக்கு வந்துவிட்டது. 1968இல் ஃபிரான்சிஸ் லெஸ்பெரன்ஸ் ஆர்கான் லேசரைக் கொண்டுவந்தார். ரூபியின் சிவப்பு ஒளியை ரத்தம் அவ்வளவாக உறிஞ்சாது. ஆர்கானின் பச்சை-நீல ஒளியை ரத்தமும் உறிஞ்சும், விழித்திரைக்குப் பின்னாலுள்ள கரும்படலமும் உறிஞ்சும். இன்றைக்கும் பெரும்பாலும் பச்சைதான்: 532 நானோமீட்டர்.

கருவி கிடைத்துவிட்டது. எங்கே சுடுவது? புதுக் குழாயைத்தான் சுட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். பாஸ்டனில் ஜாஸ்லின் சர்க்கரை நோய் மருத்துவமனையில் பீதம், லாயிட் ஐயெல்லோ என்ற கண் மருத்துவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். பழைய கிருமித் தொற்றால் விழித்திரை முழுக்கத் தழும்பேறிய சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு, எத்தனை வருஷம் ஆனாலும் புதுக் குழாய் முளைப்பதே இல்லை. கண் சேதமானதால் கண் தப்பித்திருந்தது. அப்படியானால் அந்தத் தழும்பை நாமே செயற்கையாக உண்டாக்கினால்? புதுக் குழாயை விட்டுவிட்டு, நடுப்பகுதியையும் விட்டுவிட்டு, ஓரம் முழுவதும் புள்ளி புள்ளியாகச் சுட்டார்கள். புதுக் குழாய்கள் தாமாகவே வாடின.

காரணம் இதுதான். ஒளி வாங்கும் செல்களே ஆக்ஸிஜனைப் பெருமளவு குடிப்பவை. ஓரத்தில் அவற்றில் ஒரு பகுதியைக் கொன்றுவிட்டால், கோராய்டிலிருந்து அவற்றுக்கு வந்துகொண்டிருந்த ஆக்ஸிஜன் தழும்பின் வழியே உள்ளே போய்ப் பசித்த நரம்புச் செல்களுக்குக் கிடைக்கிறது. கேட்கும் வாயும் குறைகிறது, கிடைக்கும் பங்கும் கூடுகிறது, விஇஜிஎஃப் இறங்குகிறது. எரியோட்டு விவசாயிக்கு இதை விளக்கவே தேவையில்லை. போரில் தண்ணீர் இறங்கிய வருஷம் அவர் நாலு ஏக்கரையும் அரைகுறையாக நனைப்பதில்லை. ஓரத்து வயலைக் காயவிட்டு வீட்டோரத்து வயலைப் பிழைக்க வைக்கிறார்.

ஓர வயல் எவ்வளவு? வழக்கமான சிகிச்சையில் ஒரு கண்ணுக்கு 1,200 முதல் 1,600 புள்ளிகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அகலம். ஒரு புள்ளியின் பரப்பு சுமார் 0.2 சதுர மில்லிமீட்டர். 1,500 புள்ளி என்றால் 300. மொத்த விழித்திரையும் ஏறக்குறைய 1,100 சதுர மில்லிமீட்டர்தான். கால் பங்குக்கு மேல் கொடுத்துவிட்டு மீதியை வாங்குகிறோம். ராத்திரியில் சைக்கிள் ஓட்டத் தடுமாறுவது, பக்கவாட்டில் வரும் மாட்டைச் சட்டென்று கவனிக்காமல் போவது என்று சிலர் சொல்வதெல்லாம் பொய்யில்லை. இருட்டில் பார்க்கும் செல்களும் ஓரப்பார்வையும் இருப்பது அந்த ஓரத்தில்தான். இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லாமல் லேசர் வைப்பது தப்பு என்பது என் கட்சி. சொல்லாமல் விட்டால் வீட்டுக்குப் போனபின் தானே கண்டுபிடிப்பார். அதன்பின் அவர் சொல்வதைத்தான் ஊர் நம்பும்.

ஊர் என்ன சொல்கிறது என்று டீக்கடையில் உட்கார்ந்தால் கேட்கலாம். “நல்லா இருந்த கண்ணு. லேசர் வச்சாங்க. ஆறு மாசத்துல போயிருச்சு.” இதைச் சொல்பவர் கதை கட்டவில்லை. அப்படி நடந்திருக்கும். தாமதமாகப் போனவருக்கு லேசர் முழுதாக வேலை செய்யுமுன்பே ரத்தம் கசியலாம். குழாய்களோடு வளர்ந்த நார் சுருங்கி விழித்திரையை இழுத்துப் பிய்க்கலாம். லேசர் வைக்காவிட்டாலும் அது போயிருக்குமா? ஒரு ஆளை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஆனால் மனிதனுக்கு இரண்டு கண் இருப்பது இங்கே கைகொடுத்தது. 1970களில் அமெரிக்காவில் 15 மையங்களில் 1,700க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் ஒளிச் சிகிச்சை கொடுத்தார்கள். எந்தக் கண் என்பது குலுக்கல் முறை. அதே உடம்பு, அதே சர்க்கரை, அதே ரத்த அழுத்தம். இரண்டு வருஷத்தில் சும்மா விட்ட கண்களில் 15.9 சதவீதம் ஏறக்குறைய முழுப் பார்வையையும் இழந்தன. சுட்ட கண்களில் 6.4. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், ஆய்வு முடியக் காத்திராமல் 1976இல் மறு கண்ணுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர் பார்த்த ஆள் அந்த 6.4இல் ஒருவர். பிழைத்த கண்களைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசுவதில்லை. அவை எப்போதும் போலத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

அதே 1976இல்தான் மதுரை அண்ணா நகரில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், 58 வயதில், 11 படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியதும் அதே வருஷம். இரண்டும் புரையைக் குறிவைத்தவை. அன்றைக்கு இந்தியாவின் கண்ணை மறைத்தது புரைதான். அந்த வேலையை அவர்கள் எவ்வளவு நன்றாகச் செய்தார்களோ, அவ்வளவு ஆழமாகப் புரையின் தர்க்கம் மக்கள் மனத்தில் இறங்கியது. அரவிந்திலேயே டாக்டர் பெ. நம்பெருமாள்சாமி போன்றவர்கள் விழித்திரைக்கென்று தனிப் பிரிவை வளர்த்தார்கள். லென்ஸ் செய்ய 1992இல் தொடங்கிய அரோலேப் பிற்பாடு பச்சை லேசர் கருவியையும் மதுரையிலேயே செய்தது. கருவிக்குப் பஞ்சமில்லை. அதன் முன்னால் வந்து உட்காரும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

உட்கார்ந்தால் என்ன நடக்கும்? பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவார்கள். அரை மணிக்கு மேல் ஆகும். வெளிச்சம் கூசும், செல்போன் எழுத்து மங்கும். பிறகு கண்ணை மரக்க வைக்கும் சொட்டு. தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியை முன்பட்டையில் அழுத்தச் சொல்வார்கள். பிசுபிசுப்பான ஜெல் தடவிய ஒரு கனத்த லென்ஸைக் கண்மேலேயே வைத்துப் பிடித்துக்கொள்வார் டாக்டர்; இமைக்க முடியாது. “என் காதைப் பாருங்க. அசையாதீங்க.” காலடியில் மிதிகட்டை டக் டக் என்னும். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு பச்சை மின்னல். விழித்திரையில் விழுந்த இடம் சாம்பல் வெள்ளையாக வெளுப்பதை டாக்டர் பார்த்துக்கொண்டே போவார். நடுப்பகுதியில் சுட்டால் வலியில்லை. ஓரத்துக்குப் போகப் போக, அதுவும் மூக்குப் பக்கமும் காதுப் பக்கமும் நரம்பு ஓடும் கோட்டில், தலைக்குள் சுருக்கென்று குத்தும். முன்பு ஒரு புள்ளிக்கு பத்தில் ஒரு நொடி. இப்போதைய கருவிகள் ஐம்பதில் ஒரு நொடியில் ஒரே மிதிக்குக் கட்டம் கட்டமாகப் பல புள்ளிகள் போடுகின்றன. வலியும் நேரமும் குறைந்திருக்கின்றன. முடிந்து எழுந்ததும் சில நிமிஷம் எல்லாம் ஊதா நிறமாகத் தெரியும். கட்டு கிடையாது. அன்றே வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் பைக் ஓட்டிக்கொண்டு போக முடியாது. துணைக்கு ஆள் வேண்டும். எரியோட்டிலிருந்து திண்டுக்கல் பஸ், அங்கிருந்து மதுரை பஸ். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கே 60 கிலோமீட்டருக்கு மேல். மில்லில் அவருடைய ஒரு ஷிப்ட் போகும். கூட வரும் மகனுடையதும் போகும். லேசரா ஊசியா என்ற இன்றைய விவாதத்தில் இந்தக் கணக்குக்குப் பெரிய இடம் இருக்கிறது.

விஇஜிஎஃபைக் கட்டிப்போடும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடும் முறை 2000களில் வந்தது. மாக்குலா வீக்கத்துக்கு அது லேசரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. தள்ள வேண்டியதுதான், வீங்கிய கண்ணில் மங்கிய பார்வையை அது ஓரளவு திருப்பியும் தருகிறது. புதுக் குழாய் நோய்க்கும் ஊசி லேசருக்குக் குறைந்ததில்லை என்று 2015இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. ஓரப்பார்வையும் தப்பும். அப்புறம் எதற்கு ஐம்பது வருஷத்துக் கிழட்டு லேசர்?

ஊசி மருந்து சில வாரங்களில் வடிந்துவிடும். திரும்பத் திரும்ப வர வேண்டும். ஆய்வில் சேர்ந்தவர்களை விடாமல் கூப்பிட்டு அழைத்து வருவார்கள். சாதாரண ஆளை யார் அழைத்து வருவது? பிலடெல்பியாவின் வில்ஸ் கண் மருத்துவமனையில், நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் வராமல் போனவர்களின் கண்களை மட்டும் எடுத்துப் பார்த்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. ஊசி மட்டும் போட்டிருந்த 30 கண்களில் 10 இழுபட்டு விழித்திரை பிரிந்திருந்தன. லேசர் வைத்த 46இல் ஒன்று. சின்ன ஆய்வுதான். ஆனாலும் எனக்கு வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டை நினைவூட்டிய ஆய்வு அது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பொண்ணுக்குக் கல்யாணம், மில்லில் லீவு தரவில்லை. ஆறு மாதம் போவது ஒன்றும் அதிசயமில்லை. லேசர் தழும்பு கண்ணிலேயே இருந்து வேலையைச் செய்துகொண்டிருக்கும். தவறாமல் வர முடிந்தவருக்கு ஊசி. வருவது சந்தேகம் என்றால் லேசர், அல்லது இரண்டும். ஏழைக்கு மட்டமான வைத்தியம் கொடுப்பதாக இதை நான் நினைக்கவில்லை.

சரி, நன்றாகத் தெரியும் கண்ணை யார் கண்டுபிடிப்பது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் மாத்திரை வீடு தேடி வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாக்கும் குறைகிறது. கண்ணைப் பார்க்க யாராவது சொல்லும் வாய்ப்பும் அதோடு குறையலாம். இங்கே உதவக்கூடியது விழித்திரையைப் படம் பிடிக்கும் கேமரா. படம் பிடிக்க டாக்டர் வேண்டியதில்லை, பழகிய பணியாளர் போதும். படத்தைப் படிக்கவும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுவிட்டது. 2016இல் கூகுள் வெளியிட்ட கட்டுரையில், 1.28 லட்சம் விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள் கண் மருத்துவர்களுக்கு ஈடாகப் படித்தது. அந்தப் படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் கொடுத்தவை. சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று நிமிஷத்தில் சொல்லிவிடும். சொன்னபின் அந்த ஃபிட்டரைப் பஸ் ஏற்றி விடுவது அதனால் ஆகாது. அதற்கு நர்ஸ்தான் வேண்டும்.

அவர் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு கண்ணிலும் புதுக் குழாய். டாக்டர் வலக்கண்ணுக்கு இன்று பாதி, அடுத்த வாரம் மீதி, பிறகு இடக்கண் என்று தேதி எழுதுகிறார். “ஐயா, இன்னைக்கே முடிச்சு விட்டுர முடியாதுங்களா?” ஒரே தடவையில் அவ்வளவும் சுட்டால் மாக்குலா வீங்கும் என்ற பயத்தில் உருவான வழக்கம் அது. பயம் முழுக்கப் பொய்யில்லை. ஆனால் அமெரிக்க விழித்திரை ஆய்வு வலையமைப்பு ஒரே அமர்வில் முடித்த கண்களையும் நான்கு அமர்வாகப் பிரித்த கண்களையும் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டபோது, நடுவில் வீக்கமில்லாத கண்களில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டு கண்ணையும் ஒரே நாளில் சுட வேண்டாம். வீடு போய்ச் சேரும்வரை ஒரு கண்ணாவது தெளிவாக இருக்கட்டும். ஒரு கண்ணை ஒரே நாளில் முடிக்கலாமா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நாலு தடவை மதுரைக்கு வரச் சொன்னால் மூன்றாவது தடவை வராமல் போகக்கூடியவருக்கு, இரண்டே தடவை என்பது சிகிச்சையின் பாதி.